மூன்று மணிக்குப் போகும் லைன்

புதிதாக வாங்கிய ரௌட்டரை நானே பொருத்திக்கொள்கிறேன் என்று சொல்லி, கொண்டுவந்தவரை வாசலோடு அனுப்பிவிட்டேன். வாழ்நாளெல்லாம் தொலைபேசிக் கம்பியோடு குடித்தனம் நடத்தியவன் வீட்டில் இன்னொருவர் வந்து வயர் சொருகுவதா என்கிற மிதப்பு. காலைக் காபிக்குப் பிறகு உட்கார்ந்தவன் மத்தியானச் சாப்பாடு ஆறும்வரை எழுந்திருக்கவில்லை. பயனர் பெயரை அழித்து அடித்தேன். கடவுச்சொல்லைச் சின்ன எழுத்தில் ஒரு தரம், பெரிய எழுத்தில் ஒரு தரம் போட்டேன். ரீசெட் துளையை ஊக்கால் குத்திக் குத்திப் பெட்டிக்கு நினைவு தப்ப வைத்தேன். சிவப்பு விளக்கு மட்டும் நகரவில்லை. கடைசியில் மானத்தை மடித்து வைத்துவிட்டு உதவி எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

“சார், வெளியிலேர்ந்து வர்ற வயரை நீலக் கலர் ஓட்டையில சொருகியிருக்கீங்களா, மஞ்சள் ஓட்டையிலயா?”

மஞ்சளில் சொருகியிருந்தேன். நீலம் வெளியிலிருந்து வருவதற்கு, மஞ்சள் வீட்டுக்குள் பிரித்துக் கொடுப்பதற்கு. இதை நானே ஒரு காலத்தில் பயிற்சி வகுப்பில் கரும்பலகையில் கலர் சாக்பீஸால் வரைந்து காட்டியிருக்கிறேன்.

“முன்னபின்ன இதெல்லாம் பண்ணியிருக்கீங்களா சார்?”

“இல்லம்மா.”

“வீட்ல இது தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?”

“இல்லம்மா.”

“பரவால்ல சார், பெரியவங்களுக்கு இது சகஜந்தான். எங்கயாச்சும் ஆபீஸ்ல வேலை பார்த்தீங்களா?”

“விவசாயம்மா.”

பைபிளில் வரும் சீடரைப்போல மூன்று முறை மறுதலித்தாயிற்று. சேவல்தான் கூவவில்லை. அதற்குப் பதிலாக அடுக்களையிலிருந்து என் மனைவி, “எந்த ஊர்ல நெலம்னு சொன்னா நானும் ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வருவேன்” என்றாள்.

இந்த லட்சணத்தில்தான் எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, ‘பணிக்காலத்தில் நான் தீர்த்த ஒரு கடினமான பழுது’ பற்றி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஊருக்கு ஊர் செம்புக் கம்பியைச் சுருட்டி எடைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அதற்குள் ஞாபகம் இருப்பதை எழுதிவிடுங்கள் என்றார் செயலாளர். எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது ஒன்றுதான். அதைத் தீர்த்தேன் என்பதில் சந்தேகமில்லை. தீர்த்திருக்க வேண்டுமா என்பதுதான் இன்றுவரை பிடிபடவில்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றி விரிவாக எழுதினால் நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். கம்பத்தில் ஏறக் கற்றேன். இறங்குவது தனிப் பாடம் என்று மேலே போன பிறகு தெரிந்துகொண்டேன். கேபிளுக்குள் ஜோடி ஜோடியாக வரும் வண்ணக் கம்பிகளின் வரிசையைத் தேவாரம்போல மனப்பாடம் செய்தேன். பெண் பார்த்துவிட்டு வந்த அன்று புடவை என்ன நிறம் என்று அக்கா கேட்டதற்கு, ‘வெள்ளை ஊதா ஜோடி’ என்று சொல்லியிருக்கிறேன். மிச்ச நேரமெல்லாம் கிளை நூலகத்தில் கழிந்தது. கண்டதையும் படித்து, எழுதினால் நாலு பேர் மெச்ச வேண்டும் என்கிற வியாதியை அங்கேதான் ஒட்டிக்கொண்டு வந்தேன். இந்தக் கதையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

பிறகு அதே செம்புக் கம்பியில் இணையம் வந்தது. பேச்சும் இணையமும் ஒரே கம்பியில் வரும். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஸ்பிளிட்டர் என்கிற தீப்பெட்டி அளவு டப்பா ஒன்று இரண்டையும் பிரித்து, பேச்சைப் போனுக்கும் இணையத்தை ரௌட்டருக்கும் அனுப்பும். ஜனங்கள் அந்த ரௌட்டருக்கு ‘நெட்டுப் பொட்டி’ என்று பெயர் வைத்தார்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்களுக்கு வேலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும். டிராக்டருக்கும் மருந்து தெளிக்கும் மெஷினுக்கும் சந்தனம் அப்பும் கையோடு, நெட்டுப் பொட்டியின் காற்றுத் துளைகளையும் அடைத்துப் பொட்டு வைத்திருப்பார்கள். சூடு தாங்காமல் பெட்டி மயங்கிக் கிடக்கும். சீர்காழிப் பக்கத்தில் ஒரு பெரியவரிடம், “இதுக்கு மூச்சு முட்டுதுய்யா” என்று சொல்லிவிட்டுப் பல் குத்தும் குச்சியால் சந்தனத்தை நோண்டினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “மெதுவாப்பா, சாமி விஷயம்” என்றார். இந்த மாதிரிப் பழுதுகள்தான் எனக்கு ஏற்றவை. காரணம் கண்ணுக்குத் தெரியும், யாருக்கும் வருத்தமில்லை.

கீழ்வேளூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றலாகிப் போனபோது சாமுவேல் சார் எனக்கு மேலதிகாரியாக வாய்த்தார். கடலோரத்து லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பம். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு டெஸ்டர். அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும், அவ்வளவுதான். சாதாரண நாளில் “என்னப்பா” என்பார். கொஞ்சம் பிசகினால் “என்னங்க”. “ஐயா, உட்காருங்க” என்றால் நாற்காலியில் முள் இருக்கிறது என்று அர்த்தம்.

அவர் எதையும் உத்தரவாகச் சொல்ல மாட்டார், எல்லாம் கேள்விதான். “கம்பி என்ன சொல்லுது?” என்பது முதல் கேள்வி. வீட்டுக்காரர் என்ன சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். கம்பி பொய் சொல்லாது என்பது அவர் சித்தாந்தம். நாங்கள் சொல்வோம் என்பது அதில் அடங்கியது.

பழுது தேடுவதற்கு அவர் வைத்திருந்த முறையை இங்கே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்தது அப்போதுதான் விளங்கும். வீட்டுச் சுவரிலிருந்து கம்பி கம்பத்துக்குப் போகும். கம்பத்திலிருந்து மண்ணுக்குள் இறங்கித் தெருமுனையில் நிற்கும் இரும்பு அலமாரிக்குப் போகும். அதைப் பில்லர் என்போம். பில்லரிலிருந்து தடித்த கேபிளில் எக்ஸ்சேஞ்சுக்கு. ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தடவிக்கொண்டே போனால் பொழுது சாய்ந்துவிடும். நடுவில் நிற்க வேண்டும். பில்லரைத் திறந்து, அந்த வீட்டு ஜோடியைப் பிரித்து, எக்ஸ்சேஞ்ச் பக்கம் சோதனைப் போனை மாட்டிக் கேட்க வேண்டும். அங்கே சரியாக இருந்தால் பழுது வீட்டுப் பக்கம், இல்லாவிட்டால் நம் பக்கம். கெட்டுப்போன பாதியை மறுபடி பாதியாக்க வேண்டும். “அடுத்தவங்க வீட்டுக்குள்ள போயி குத்தம் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நடுவுல நின்னு பார்த்தீங்களா?” என்பார். கம்பியைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீடு வாய்க்கால் ஓரமாகப் போகும் தெருவில் கடைசிக்கு முந்தினது. சொந்தமாகக் கொஞ்சம் நிலம் உள்ள குடும்பம். மகன் குமரேசன் குவைத்தில் கிரேன் ஓட்டுகிறார். வீட்டில் அவருடைய அம்மா செந்தாமரை, மனைவி வினோதா, இரண்டே பேர். மத்தியானம் ஆனால் நெட் போய்விடுகிறது என்று கம்ப்ளைன்ட். அதை எழுதியது வீட்டிலிருந்த இருவரும் இல்லை. குவைத்திலிருந்து குமரேசன்.

நான் போனது காலை நேரம். கூடத்துக்குள் காலை வைத்ததும், “வாங்க சார்” என்று ஓர் ஆண் குரல். சுற்றிலும் பார்த்தேன். யாருமில்லை.

“மேல சார், மேல.”

உத்தரத்தில் தேங்காய் அளவில் ஒரு வெள்ளைக் கேமரா. கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தது.

“குமரேசன் பேசறேன் சார், குவைத்லேர்ந்து. அந்த வயரை மாத்திருங்க சார், எலி கடிச்சிருக்கும். அம்மா, சாருக்குக் காபி குடு. வினோதா எங்க, அஞ்சு நிமிஷமாக் காணும்?”

உள்ளேயிருந்து வந்த செந்தாமரை அம்மாள் உத்தரத்தைப் பார்க்காமலே, “கொல்லையில துணி காயப்போடறாடா” என்றார்.

“துணி நேத்துதானே தொவச்சீங்க?”

“அது நேத்துத் துணி. இது இன்னிக்கித் துணி.”

புராணங்களில் அசரீரி எப்போதாவது ஒரு தரம் கேட்கும். கேட்டவர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடுவார்கள். இவர்களுக்கு இது தினப்படி. அந்த அம்மாள் பேசும்போது முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டதைப் பார்த்தேன். பெற்ற பிள்ளையின் குரலுக்கு.

சோதித்தேன். லைன் தங்கமாக இருந்தது. இருந்தாலும் வெளியிலிருந்து வரும் கம்பியைப் புதிதாக இழுத்தேன். அடுத்த வாரம் மறுபடி கம்ப்ளைன்ட். ஸ்பிளிட்டரை மாற்றினேன். மறுபடி கம்ப்ளைன்ட். ரௌட்டரையே மாற்றி, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் போட்டு, பச்சை விளக்கு எரிவதைக் கேமராவுக்குத் தூக்கிக் காட்டிவிட்டு வந்தேன். “நல்லாத் தெரியுது சார், ஆனா மத்தியானம் போயிரும்” என்றது உத்தரம். டாக்டரைப் பார்த்ததும் பல்வலி நின்றுபோவதுபோல நான் போகும்போதெல்லாம் லைன் உயிரோடு இருந்தது. வினோதா ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வயரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனபோதெல்லாம் அவர் கை வேலையை நிறுத்திவிட்டது. அதை நான் கவனித்தேன், ஆனால் வயரைத்தான் பார்த்தேன்.

குமரேசனைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எழுத வசதியாக இருக்கும். ஒருநாள் ஆபீசுக்கே போன் செய்தார். திட்டத்தான் போகிறார் என்று காதைத் தள்ளி வைத்துக்கொண்டேன். “சார், இங்க பன்னண்டரைக்குச் சாப்பாட்டு பிரேக். அந்த நேரம்தான் நான் வீட்டைப் பார்த்துக்கிட்டே சாப்பிடறது. அப்பதான் போகுது. வெறும் செவுத்தைப் பார்த்துக்கிட்டுத் திங்கறேன் சார்” என்றார். அங்கே பன்னிரண்டரை என்றால் இங்கே மூன்று மணி.

மேலிடத்துக்கும் அவர் எழுதிப்போட்டுவிட்டார். சாமுவேல் சார் கூப்பிட்டார்.

“ஐயா, உட்காருங்க.”

உட்கார்ந்தேன்.

“எத்தனை மணிக்குப் போகுதாம்?”

“மூணு மணிக்கு சார்.”

“ஐயா எத்தனை மணிக்குப் போறீங்க?”

“காலையில சார்.”

“கோயில் நடை சாத்துனப்பறம் போயி, சாமி இல்லைன்னு சொல்லக் கூடாதில்லீங்களா?” டெஸ்டரை எடுத்துத் துடைத்தார். “மூணு மணிக்குப் போங்க. வீட்டுக்குள்ள போகாதீங்க. நடுவுல நில்லுங்க.”

ஐப்பசி மாதம். அன்று மழை விட்டிருந்தது. வாய்க்கால் மதகை ஒட்டித்தான் பில்லர். சம்பா நட்ட வயல்களில் தண்ணீர் பளபளத்தது. பில்லரைத் திறந்து, அந்த வீட்டு ஜோடியைப் பிரிக்காமலே சோதனைப் போனை அதில் மாட்டிக்கொண்டு நின்றேன். மூன்று அடித்துச் சற்று நேரத்தில் சோதனைப் போனில் டயல் டோன் கேட்டது. யாரோ ரிசீவரை எடுத்திருக்கிறார்கள். எடுத்தவர் எண் எதையும் அழுத்தவில்லை. அப்படி வைத்துவிட்டால் எக்ஸ்சேஞ்ச் சிறிது நேரம் ஊளையிட்டுப் பார்த்துவிட்டு அலுத்துப்போய் விட்டுவிடும். அதுவும் நடந்தது. பிறகு கம்பி அமைதியானது.

கூடத்துப் போன் ஸ்பிளிட்டர் வழியாகப் போகிறது. அதை எடுத்தால் இணையம் போகாது. அப்படியானால் வீட்டில் இன்னொரு போன் இருக்க வேண்டும், நேராகக் கம்பியில் மாட்டியது. எந்தக் காலத்திலோ எங்கள் ஆள் ஒருவர் இழுத்துக் கொடுத்துவிட்டு மறந்த இணை போன். அதன் ரிசீவரை எடுத்தால் இணையம் செத்துவிடும். எந்தப் பாடப்புத்தகத்திலும் முதல் பக்கத்தில் இருக்கும் பழுது. ஸ்பிளிட்டரையும் ரௌட்டரையும் மாற்றிய நிபுணன் நான்.

போனைக் கழற்றியிருக்க வேண்டும். அப்போது பேச்சுக் குரல் கேட்டது. எடுத்து வைத்த ரிசீவர் அந்த அறையில் நடப்பதையெல்லாம் அப்படியே என் காதுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

“பசலி ஆண்டு என்னிக்கித் தொடங்குது?” இது செந்தாமரை அம்மாள்.

“ஜூலை ஒண்ணு.”

“சரியாத்தான் போட்டிருக்கான். ஒங்க மாமனாரு இது தெரியாமத்தான் ஒரு தடவை கிஸ்தி கட்டப் போயி...”

“அத்தை, அடுத்த கேள்வி.”

“இருடி, கண்ணாடியச் சரி பண்ணிக்கிறேன். அடங்கல் யாரு எழுதணும்?”

“வி.ஏ.ஓ.”

“எழுதணும்னுதான் போட்டிருக்கு. எழுதறாரான்னு போடல. மாநில மரம்?”

“பனை.”

“இதுக்கெல்லாமா மார்க்கு? நம்ம பனமரம்லாம் போயிக் கேட்டா எனக்கும் வேலை குடுப்பானா?”

அப்போது கேட்ட சிரிப்பை அந்தக் கூடத்தில் நான் கேட்டதில்லை. ஊமை என்றே நினைத்திருந்த பெண்ணின் சிரிப்பு.

கம்பியில் காது வைப்பது எங்கள் தொழிலில் தகாத காரியம். பழுதை உறுதி செய்ய ஒரு நிமிடம் கேட்கலாம். நான் பசலியில் தொடங்கி, கிராமக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி வரை நின்றேன். நடுவில் ஒரு கேள்விக்கு நானே பதில் சொல்லிவிட்டேன், அதுவும் தப்பாக. நல்லவேளை, பேசும் பொத்தானை அமுக்கவில்லை.

கேமரா செத்துக் கிடக்கும் நேரத்தில் போனால்தான் பேச முடியும். அதனால் அப்போதே போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே சத்தம் நின்றது. வெகு நேரம் கழித்துச் செந்தாமரை அம்மாள் கதவை ஒரு சாண் திறந்தார்.

“லைன் இல்ல தம்பி. நாங்க என்ன பண்றது, ஒங்க ஆபீஸ்லதான் கேக்கணும்.”

“உள் ரூம்ல இன்னொரு போன் இருக்காம்மா?”

அவர் கதவைச் சாத்தவுமில்லை, திறக்கவுமில்லை. பின்னாலிருந்து வினோதா, “விடுங்கத்தை. தெரிஞ்சுக்கிட்டுத்தான் வந்திருக்காரு” என்றார்.

நெல் மூட்டை அடுக்கும் அறை. மூட்டைமேல் பழைய கறுப்புப் போன், பக்கத்தில் ரிசீவர் மல்லாந்து கிடந்தது. கீழே பாயில் தேர்வு வழிகாட்டிப் புத்தகம். அந்த அம்மாள்தான் சொன்னார். ஒருநாள் தூசி தட்டுவதற்காக அந்த ரிசீவரைத் தூக்கியிருக்கிறார். “மேலேர்ந்து பேசிக்கிட்டே இருந்தான். டக்குன்னு நின்னுட்டான். வச்சேன், மறுபடி பேசுனான். எடுத்தேன், நின்னான். ரெண்டு தரம் எடுத்து வச்சுப் பார்த்தேன் தம்பி. பெத்த இத்தன வருஷத்துல அவன் வாய மூட எனக்கு அன்னிக்கித்தான் வழி தெரிஞ்சுது.”

கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கான தேர்வுக்கு வினோதா படித்துக்கொண்டிருந்தார். குவைத்திலிருந்து பணம் வரும்போது இவள் எதற்கு வேலைக்குப் போக வேண்டும் என்பது குமரேசனின் கட்சி. புத்தகத்தைக் கையில் எடுத்தால் உத்தரம் கேட்கும். உள் அறைக்குப் போனால் எங்கே காணோம் என்று கேட்கும். அவர் பார்க்காத நேரத்தையும், நெட் இருக்கும்வரை, கேமரா பதிந்து அனுப்பிவிடும். கூடத்தில் கேமராவின் கண் முன்னால் இருக்கும் நெட்டுப் பொட்டியின் ஸ்விட்சை அணைத்தால் உடனே செல்போனில் கூப்பிட்டு, யார் அணைத்தது என்பார். லைன் இல்லை என்றால் குற்றம் எங்கள் ஆபீசின் தலையில். வேலை ஒழிகிற அந்த ஒரு நேரம்தான் இவர்களுக்கு இருந்தது. அது அவர் சாப்பாட்டு நேரமாகப் போனது இவர்கள் குற்றமில்லை.

“எல்லாத்தையும் கேட்டீங்களா சார்?” என்றார் வினோதா.

“ஜமாபந்தி வரைக்கும்.”

அவர் முகம் சிவந்துவிட்டது. பிறகு நேராகப் பார்த்து, “மாசியில பரீட்சை சார். அதுவரைக்கும் இந்த மூணு மணி எனக்கு வேணும். அப்பறம் நீங்க எதை வேணா சரி பண்ணிக்கங்க” என்றார்.

“என் புள்ளதான்” என்றார் செந்தாமரை அம்மாள். “பாசமாத்தான் பார்க்கறான். அதுக்காக எந்நேரமும் அவன் கண்ணுலயே நிக்க முடியுமா தம்பி?”

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நான் உருப்படியாகப் பார்த்துக்கொண்ட காரியம் எதுவும் கிடையாது. ஆனால் அன்று சைக்கிளில் திரும்பும்போது பாட்டு முணுமுணுத்தது நினைவிருக்கிறது.

இனி என் புத்திசாலித்தனம். ‘வீட்டுப் பக்கம் பழுது’ என்று எழுதினால் குமரேசனுக்குத் தெரிந்துவிடும். அதனால் பழுது எங்கள் பக்கம் என்று எழுத முடிவு செய்தேன். அதையும் சும்மா எழுதினால் போதாது, இனி யாரும் அந்த லைனைத் தொடத் துணியக் கூடாது என்று உட்கார்ந்து எழுதினேன். கிளை நூலகத்தில் சேர்த்து வைத்த தமிழெல்லாம் அன்று வெளியே வந்தது. மதகடியில் கேபிளின் இணைப்பு நீரில் மூழ்கிக் கிடக்கிறது, பிற்பகல் வெப்பத்தில் அதன் ஈரம் கிளர்ந்து சமிக்ஞையைக் கொல்கிறது, இத்தெருவின் செம்பு தன் ஆயுளை முடித்துக்கொண்டது, இதில் இனிச் செய்யக் கூடியது ஒன்றுமில்லை. கடைசி வரியைப் படித்துவிட்டு எனக்கே கண் கலங்கியது.

சாமுவேல் சார் இரண்டு தரம் படித்தார்.

“ஐயா, இது கம்பி சொன்னதா, நீங்க சொன்னதா?”

“கம்பிதான் சார்.”

என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. தேவையில்லாமல் ஒரு பெண்ணின் பெயர் ஆபீசில் அடிபட வேண்டாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், நான் இழைத்த அந்த அறிக்கையைக் கலைக்க மனம் வரவில்லை.

“கம்பி நல்லாவே எழுதுது” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கார்த்திகையும் மார்கழியும் நன்றாகப் போயின. குமரேசனுக்கு, “மதகடியில தண்ணி சார், ஒண்ணும் பண்ண முடியாது” என்று சொல்லிவந்தேன். மூன்று மணி மூன்று மணியாகவே இருந்தது. நடுவில் ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது செந்தாமரை அம்மாள் வாசலில் கோலப்பொடி வாங்கிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தி, “கணக்குலதான் கொஞ்சம் வீக்கா இருக்கா. மத்ததெல்லாம் மணி மணியாச் சொல்றா” என்றார். வகுப்பாசிரியர் பெற்றோரிடம் சொல்வதுபோல.

தை பிறந்ததும் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. கண்ணாடி இழைக் கேபிள், அதாவது ஃபைபர், எங்கள் பகுதிக்கும் கொஞ்சம் ஒதுக்கியிருக்கிறார்கள். எந்தத் தெருவில் செம்பு மிகவும் மோசமோ அங்கே முதலில் போட வேண்டும். மேலே எல்லா அறிக்கைகளையும் பரப்பி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மற்றவர்கள், ‘லைன் மோசம்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். என்னுடையதைச் சத்தம் போட்டுப் படித்ததாகக் கேள்வி. வாய்க்கால் தெரு முதலிடத்தில் வந்தது.

நான்தான் இழுக்க வேண்டும். வேறு ஆளில்லை. கண்ணாடிக்குள் வெளிச்சம் போகிறது. அதற்கு ஈரமும் ஒன்று, வெயிலும் ஒன்று. நெல் அறையில் ரிசீவரை எடுத்தாலும் வைத்தாலும் அதற்குத் தெரியாது. கம்பத்திலிருந்து இழையைக் கொண்டுவந்து, தூசியில்லாமல் துடைத்து, இரண்டு முனையையும் உருக்கி ஒட்டி, புது ரௌட்டரில் செருகினேன். அன்று எனக்கு நீலமும் மஞ்சளும் சரியாகத் தெரிந்தன. விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. கடைசி விளக்கு எரியாமல் இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அந்த ஒருநாள்தான். அதுவும் எரிந்தது.

“சூப்பர் சார்!” என்றது உத்தரம். “எவ்வளவு கிளியரா இருக்கு! அம்மா மூக்குத்திகூடத் தெரியுது. வினோதா, இந்தப் பக்கம் திரும்பு.”

வினோதா திரும்பினார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் குவைத்தில் கேட்கும். முகத்தில் காட்டலாம் என்றால் அதுவும் மூக்குத்தி அளவுக்குத் தெரியும். கருவிப் பையை மூடுவதுபோல மூடித் திறந்துகொண்டிருந்தேன். செந்தாமரை அம்மாள் ரௌட்டரைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்.

“இது எப்பவாச்சும் நிக்குமா தம்பி?”

என்னிடம்தான் கேட்டார். பதில் மேலேயிருந்து வந்தது.

“இனிமே நிக்காதும்மா. கவலையே படாத. நிக்கவே நிக்காது.”

வினோதா என்னிடம் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சில நாள் கழித்துத்தான் மூளையில் உறைத்தது. கண்ணாடி இழைக்கும் ஒரு பலவீனம் உண்டு. சுண்டுவிரல் பருமனுக்கு இறுக்கமாக வளைத்துப் பிடித்தால் வெளிச்சம் போகாது. விட்டால் மறுபடி வந்துவிடும், ஒரு தடயமும் இருக்காது. ரிசீவரைவிட நல்ல வழி. இதைச் சொல்லிவிட வேண்டும் என்று மத்தியானமே கிளம்பினேன். வாசல் கேட்டில் கையை வைத்ததும், “என்ன சார், யாரும் கம்ப்ளைன்ட் பண்ணலையே?” என்றது குரல். படம் தெளிவாக வருகிற சந்தோஷத்தில் குமரேசன் வாசலுக்கும் ஒரு கேமரா வாங்கி மாட்டச் செய்திருந்தார்.

“சும்மா, செக் பண்ண வந்தேன்” என்றேன்.

“ஒங்கள மாதிரி ஆளைப் பார்க்க முடியாது சார்” என்றார் குமரேசன். மனதாரத்தான் சொன்னார்.

சாமுவேல் சார் பணி ஓய்வு பெற்ற அன்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு டெஸ்டரைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். “என்கிட்டச் சொல்லியிருந்தா ‘பழுது நோட்டத்துல இருக்கு’ன்னு ஒரு வரி போட்டு மாசி வரைக்கும் வச்சிருப்பேனே. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கில்ல?” என்றார். ஐயா என்று சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவரிடம் மரியாதை வாங்கத் தெரிந்த எனக்கு அவரை நம்பத் தெரியவில்லை.

அப்புறம் நானும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். போன பங்குனியில் திருவாரூர்ப் பேருந்து நிலையத்தில் செந்தாமரை அம்மாளைப் பார்த்தேன். கையில் மருந்துப் பை. அவர்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டார்.

“வினோதா பரீட்சை எழுதுனாங்களாம்மா?”

“எங்க? ரெண்டு நாள் அடுக்களையில ஒளிச்சு வச்சுப் படிச்சா. என்ன தெனம் அவ்வளவு நேரம் அடுக்களையிலன்னு கேட்டான். அதோட போச்சு. போன வருஷம் விசா வந்துச்சு, குவைத்துக்கே கூட்டிட்டுப் போய்ட்டான்.”

“நீங்க?”

“நான் இங்கதான். இப்ப அந்தக் கேமராவுல நான் ஒருத்திதான் தெரியறேன். அவளும் பார்க்கறாளாம். அத்தை, சாப்பிட்டீங்களான்னு மேலேர்ந்து கேக்கறா. சிரிக்க மாட்டேங்கறா.”

எத்தனையோ நாள் மனதுக்குள் எழுதிப் பார்த்திருந்ததைச் சொன்னேன். நல்லதென்று நினைத்துத்தான் செய்தேன், அந்த அறிக்கை அப்படிப் போய் முடியும் என்று தெரியாது, என்னை மன்னித்துவிடுங்கள். கொஞ்சம் நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒங்க மேல கோவம்லாம் இல்ல தம்பி” என்றார். “ஒங்க ஆபீஸ்ல எழுதிப்போட்டா ஒரு ஆளும் வந்து எட்டிப் பார்க்காதுன்னு ஊரே சொல்லுச்சு. அதை நம்பித்தானே நாங்க இதுல எறங்குனோம்.”